தென் மாகாணத்துக்கு இடமாற்றமா? காலி, மாத்தறை, அம்பாந்தோட்டையை அறிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

தென் மாகாணத்துக்கு இடமாற்றம் வந்துவிட்டது என்று தொலைபேசியில் சொல்கிறவர்கள் அடுத்ததாகக் கேட்பது “வீடு எங்கே பார்க்கலாம்?” என்பதைத்தான். நான் பதிலுக்குக் கேட்பது: “எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் வேலை?” பெரும்பாலானவர்களுக்கு அது தெரிவதில்லை. காலி என்பார்கள், மாத்தறை என்பார்கள். அது போதாது.

ஏன் என்பதை என் அனுபவத்திலேயே சொல்கிறேன். மாத்தறை மாவட்டத்துக்கு வந்த முதல் மாதம், கடற்கரை ஊர் ஒன்றில் வாடகைக்கு வீடு எடுத்தேன். நான் தினமும் பஸ் ஏறிப் போகும் பெரிய நகரத்தில் இருக்கும் செயலகம்தான் என்னுடையதும் என்று நினைத்துவிட்டேன். காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். பதினொரு மணிக்குமேல் என் முறை வந்தபோது, படிவத்தைப் பார்த்த உத்தியோகத்தர், “உங்கள் ஊர் எங்கள் பிரிவில் இல்லையே” என்றார். அவர் நல்லவர், சரியான இடத்தைத் தாளில் எழுதியும் தந்தார். ஆனால் அரை நாள் லீவு போனது போனதுதான். வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ இங்கே வருகிறவர்களுக்கு அந்த அரை நாளாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: வரைபடத்தை விரியுங்கள்

இலங்கை வரைபடத்தின் அடிப்பகுதியில், மேற்கே பெந்தோட்டை ஆற்றில் தொடங்கி கிழக்கே யால காடு வரை கடலோரமாக நீளும் பகுதிதான் தென் மாகாணம். 1833இல் ஆங்கிலேயர் நாட்டை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோதே இதுவும் ஒன்றாக இருந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே சிங்கள வரலாற்றில் இந்தப் பக்கத்துக்கு றுகுணு என்று பெயர். கூட்டுறவுச் சங்கம் முதல் புகையிரதம் வரை அந்தப் பெயரை இன்றும் எங்கும் காண்பீர்கள்.

மாவட்டங்கள் மூன்று. மேற்கே காலி, நடுவே மாத்தறை, கிழக்கே அம்பாந்தோட்டை. மொத்தப் பரப்பு 5,544 சதுர கிலோமீற்றர். அதில் அம்பாந்தோட்டை மட்டும் 2,609, ஏறக்குறையப் பாதி. மக்கள்தொகையோ தலைகீழ். 2012 கணக்கெடுப்பில் மாகாணத்தின் சனத்தொகை சுமார் 24.8 இலட்சம், காலியில் 10 இலட்சத்துக்கும் மேல், மாத்தறையில் 8 இலட்சத்துக்குச் சற்று மேல், அம்பாந்தோட்டையில் 6 இலட்சம். மேற்கே போனால் வீட்டுக்கு வீடு மதில் ஒட்டி இருக்கும். கிழக்கே போகப் போக வெளியும் பற்றைக் காடும். வாடகை, பஸ் கிடைக்கும் நேரம், கடை மூடும் நேரம் எல்லாம் இந்த வேறுபாட்டைத்தான் பின்பற்றுகின்றன.

இனி வரைபடத்தில் ஆறுகளைத் தேடுங்கள். கிங் கங்கையும் நில்வளா கங்கையும் தெனியாயப் பக்கத்து மலைகளில் பிறக்கின்றன. கிங் கங்கை காலிக்கு அருகே கிந்தோட்டையில் கடலைச் சேர்கிறது. நில்வளா மாத்தறை நகரத்தின் நடுவே ஓடிக் கடலில் விழுகிறது. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் வளவை கங்கை அம்பலாந்தோட்டையில் முடிகிறது. அதற்கும் கிழக்கே கிரிந்தி ஓயா. இந்த நான்கு பெயர்களும் மனதில் இருந்தால், செய்தியில் வெள்ள எச்சரிக்கை சொல்லும்போது அது உங்களுக்கா இல்லையா என்று உடனே புரியும்.

இரண்டாம் படி: ஈரமும் உலர்வும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள்

நிர்வாக எல்லையைவிட முக்கியமான எல்லை ஒன்று இந்த மாகாணத்துக்குள் ஓடுகிறது. எந்தப் பலகையிலும் அது எழுதப்பட்டிருக்காது. காலியும் மாத்தறையின் பெரும்பகுதியும் ஈரவலயம். அம்பாந்தோட்டையின் பெரும்பகுதி உலர்வலயம். காலியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. சிங்கராஜ வனப்பக்கம் போனால் 3,000ஐயும் தாண்டும். அம்பாந்தோட்டை நகரத்திலோ 1,000 அளவில்தான்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குச் சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) என்றால் வெறும் காற்று, மழை வாடைக்குத்தான் (வடகிழக்குப் பருவக்காற்று). இங்கே அந்தக் கணக்கு மாறுகிறது. மே மாதம் சோளகம் தொடங்கினால் காலியில் அது மழை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தெனியாய, நெலுவ பக்கத்து மலைகளில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. அதே காற்று அம்பாந்தோட்டையின் தட்டையான கரையை உரசிக்கொண்டு போகிறது. தடுத்து நிறுத்த மலை இல்லை. ஆகவே ஜூன் மாதத்தில் காலியில் குடையோடு புறப்பட்டு, மூன்று மணித்தியாலத்தில் அம்பாந்தோட்டையில் புழுதியில் இறங்கலாம். அம்பாந்தோட்டைக்கு முக்கியமான மழை வடக்கில் பெய்யும் அதே காலத்தில், ஒக்டோபருக்குப் பிறகு வருகிறது.

மாத்தறையிலிருந்து கிழக்கே பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் இருந்து பாருங்கள். திக்வெல்லவைத் தாண்டும்வரை தென்னையும் கறுவாவும் அடர்ந்த பச்சையும். தங்காலைக்குப் பிறகு மரங்கள் குட்டையாகின்றன, முட்செடி தோன்றுகிறது, வானம் பெரிதாகிறது. அம்பலாந்தோட்டைக்குக் கிட்ட வளவை நீர்ப்பாசனத்தின் வயல்கள் ஒருமுறை பச்சையாக விரிந்து மறையும். அப்புறம் உப்பளம். அம்பாந்தோட்டை உப்பைக் கடையில் வாங்கியிருப்பீர்கள். அது விளையும் வெயிலை அங்கே நின்றால்தான் தெரியும். அந்தப் பயணம் எனக்கு எத்தனை தடவை போனாலும் சலிப்பதில்லை.

இதற்கு நடைமுறையில் என்ன பொருள்? காலி, மாத்தறையில் வீடு பார்த்தால் மழைநீர் எங்கே தேங்குகிறது, சுவரில் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். அம்பாந்தோட்டை மாவட்டத்தின் உள்ளூர்களில் வீடு பார்த்தால் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதே முதல் கேள்வி. குழாய்த் தண்ணீரா, கிணறா, கிணற்றுநீர் உவரா என்று அயல்வீட்டில் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

மூன்றாம் படி: ஊர்ப்பெயரைப் படிக்கப் பழகுங்கள்

சிங்கள ஊர்ப்பெயர்கள் புதியவருக்கு ஒரே ஓசையாகக் கேட்கும். பத்துச் சொல் தெரிந்தால் அவை நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும். ‘கம’ என்றால் ஊர். ‘வெவ’ குளம், ‘வில’ பொய்கை, ‘ஓயா’ சிற்றாறு, ‘கந்த’ மலை, ‘கொட’ மேடு, ‘தெனிய’ மலைகளுக்கிடையே வயல் விழும் பள்ளம், ‘மோதர’ ஆற்றுமுகம், ‘வத்த’ தோட்டம். காலிப் பக்கம் கொடவும் தெனியவும் மிகுதி. அம்பாந்தோட்டைப் பக்கம் சூரியவெவ, வீரவில என்று குளமும் பொய்கையும். மழை குறைந்த நிலத்தில் மனிதர் குளத்தைச் சுற்றித்தான் குடியிருந்தார்கள் என்பதை ஊர்ப்பெயரே சொல்கிறது. வன்னிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘தோட்டை’ என்பதில் மட்டும் கவனம். நம் காதுக்குத் தோட்டம் போலக் கேட்கிறது. சிங்களத்தில் ‘தொட்ட’ என்றால் துறை. அம்பாந்தோட்டை, கிந்தோட்டை, பெந்தோட்டை எல்லாம் படகு வந்த துறைகள்.

இனி ஆளைச் சுற்றவைக்கும் பெயர்கள். அம்பலாங்கொடை காலி மாவட்டத்தில், கொழும்புப் பக்கமாக இருக்கிறது. முகமூடி செய்வதற்குப் பெயர்போன ஊர். அம்பலாந்தோட்டை அம்பாந்தோட்டை மாவட்டத்தில். இரண்டுக்கும் இடையே நூறு கிலோமீற்றருக்கும் மேல். அம்பலாந்தோட்டையும் அம்பாந்தோட்டையும் வேறு வேறு ஊர்கள், அவை பக்கத்துப் பக்கத்தில். கிரிந்த என்ற பெயரும் இரண்டு இடத்தில்: மாத்தறை மாவட்டத்தின் உள்நாட்டில் கிரிந்த-புஹுல்வெல்ல என்ற பிரதேச செயலகப் பிரிவு, திஸ்ஸமஹாராமவுக்குத் தெற்கே கடலோரத்தில் கிரிந்த என்ற மீன்பிடி ஊர். நியமனக் கடிதத்தில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால், மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.

பஸ் நடத்துநர் கூப்பிடும் பெயர் தமிழ்ப் பெயரைப் போல இருக்காது. காலியை ‘காள்ள’ என்பார். தங்காலை ‘தங்கல்ல’. தெவிநுவர ‘தெவுந்தர’. திஸ்ஸமஹாராம வெறும் ‘திஸ்ஸ’.

நான்காம் படி: உங்கள் பிரிவைக் கண்டுபிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மாவட்டத்தின் தலைமையில் மாவட்டச் செயலாளர் இருக்கிறார். பழைய பழக்கத்தில் அரசாங்க அதிபர் என்றும், அந்தக் கந்தோரைக் கச்சேரி என்றும் சொல்வோம். சாதாரண ஆளுக்குக் கச்சேரியில் வேலை குறைவு. உங்கள் வேலை எல்லாம் அதற்குக் கீழே, பிரதேச செயலகத்தில். மாத்தறை மாவட்டத்தில் 16 பிரதேச செயலகப் பிரிவுகள், அம்பாந்தோட்டையில் 12. காலியில் நெடுங்காலம் 19 இருந்தன. அண்மைக் காலத்தில் சில பிரிவுகளைப் பிரித்துப் புதியவற்றை உண்டாக்கியிருக்கிறார்கள். அதனால் காலி மாவட்டத்தில் பழைய பட்டியலை நம்ப வேண்டாம். ரத்கம போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இப்போது எந்தச் செயலகம் என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கும் கீழே கிராம அலுவலர் பிரிவு. மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து 2,100க்கு மேல் இருக்கின்றன. நாம் கிராம சேவகர் அல்லது ஜீ.எஸ். என்கிறவரைச் சிங்களத்தில் ‘கிராம நிலதாரி’ என்பார்கள். அவருடைய பிரிவுக்கு ‘வசம’ என்று பெயர். வீடு பார்க்கப் போனதும் வீட்டுக்காரரிடம் “மே கொயி வசமத?” என்று கேளுங்கள். இது எந்தப் பிரிவு என்று பொருள். பெயரோடு பிரிவின் இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். ஒரே பெயரில் கிழக்கு, மேற்கு, வடக்கு என்று பிரிவுகள் இருப்பதால் இலக்கம்தான் உறுதி.

ஊரின் பெயரும் செயலகத்தின் பெயரும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உனவட்டுனவில் இருப்பவருக்கும் கொக்கலவில் இருப்பவருக்கும் ஹபராதுவ பிரதேச செயலகம். மிரிஸ்ஸவில் இருப்பவருக்கு வெலிகம. தெனியாய பெரிய நகரம்தான். ஆனால் அது கொட்டபொல பிரிவில் இருக்கிறது. உடுகமவுக்கு நாகொட. காலி, மாத்தறை நகரங்களின் செயலகங்களுக்கோ நகரப் பெயரோடு ‘கடவத் சத்தர’ என்று ஒரு வால் இருக்கும். நான்கு கடவைகள், அதாவது பழைய நகர எல்லைக்குள் அடங்கிய பகுதி. திருகோணமலையில் ‘பட்டினமும் சூழலும்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதே வகைப் பெயர்.

ஐந்தாம் படி: செயலகத்தையும் சபையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

பிரதேச செயலகம் ஒன்று. பிரதேச சபை வேறொன்று. சிங்களத்திலும் இரண்டும் ‘பிராதேசீய’ என்றுதான் தொடங்குகின்றன. வழி கேட்டால் பாதிப்பேர் மற்றதற்கு அனுப்பிவிடுவார்கள். ‘லேகம் காரியாலய’ என்று கேட்டால் செயலகம். ‘சபாவ’ என்று கேட்டால் சபை.

செயலகம் மத்திய அரசின் கை. அடையாள அட்டை விண்ணப்பம், வதிவிடச் சான்றிதழில் மேலொப்பம், பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களின் பிரதி, அஸ்வெசும, ஓய்வூதியம், காணி அனுமதிப்பத்திரம் எல்லாம் அங்கே. வாகன வருமான அனுமதிப்பத்திரமும் அங்கேதான் எடுக்கிறோம். ஆனால் அந்தக் கட்டணம் மாகாணத்தின் வருமானம். வேறு மாகாணத்தில் பதிந்த வாகனத்தோடு வருகிறவர்கள், அதைத் தென் மாகாணத்தில் புதுப்பிக்க முடியுமா, என்ன ஆவணம் வேண்டும் என்று காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே செயலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சபை மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்வது. குப்பை, தெருவிளக்கு, வாசிகசாலை, மயானம், கட்டட அனுமதி, சோலைவரி, சந்தை ஆகியவை அதன் பொறுப்பு. காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை ஆகிய மூன்றுக்கும் மாநகர சபை உண்டு. அம்பலாங்கொடை, ஹிக்கடுவ, வெலிகம, தங்காலை ஆகிய நான்கும் நகர சபைகள். மற்ற இடங்களுக்குப் பிரதேச சபை. ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளேயே நகர சபையும் பிரதேச சபையும் இருக்கலாம். வெலிகமவில் அப்படித்தான்: நகரத்துக்குள் நகர சபை, நகரத்துக்கு வெளியே பிரதேச சபை, இரண்டுக்கும் செயலகம் ஒன்றே.

இவற்றுக்கு மேலே மாகாண சபை. 1987இன் 13ஆம் திருத்தத்தால் வந்தது. அதன் கந்தோர்த் தொகுதி காலிக்கு அருகே லபுதுவவில், தக்ஷிணபாய என்ற பெயரில் இருக்கிறது. கடைசியாகத் தெரிவான சபையின் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது. அதன் பிறகு நிர்வாகத்தை ஆளுநரும் மாகாண அதிகாரிகளும் நடத்திவருகிறார்கள். தேர்தல் இல்லை என்பதால் மாகாண நிர்வாகம் இல்லை என்று எண்ண வேண்டாம். ஆசிரியர் ஒருவருக்கு இடமாற்றம், சிறிய வைத்தியசாலைகள், மாகாண வீதிகள் எல்லாம் அங்கிருந்தே நடக்கின்றன.

ஆசிரியராக வருகிறவர்களுக்குக் கல்வி வலயம் என்ற இன்னொரு கணக்கும் இருக்கிறது. காலி மாவட்டத்தில் காலி, அம்பலாங்கொடை, எல்பிட்டிய, உடுகம. மாத்தறையில் மாத்தறை, அக்குரஸ்ஸ, முலட்டியன, மொரவக்க. அம்பாந்தோட்டையில் அம்பாந்தோட்டை, தங்காலை, வலஸ்முல்ல. ‘காலி மாவட்டம்’ என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவர் உடுகம வலயத்தில் மலைப்பாடசாலை ஒன்றுக்குப் போகலாம். அந்த இடங்கள் மிகவும் அழகானவை. ஆனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டு வீடு பாருங்கள்.

ஆறாம் படி: மாகாண எல்லையில் ஏமாறாதீர்கள்

கதிர்காமம் தென் மாகாணத்தில் இல்லை. இதைச் சொன்னால் தென்பகுதியில் பல வருடம் இருந்தவர்களும் சற்று யோசிப்பார்கள். அது ஊவா மாகாணத்தின் மொனராகலை மாவட்டம். திஸ்ஸமஹாராமவிலிருந்து சற்றுத் தூரம் போனதும் மாகாணம் மாறிவிடுகிறது. யால தேசியப் பூங்கா இரண்டு மாவட்டங்களிலும் கிடக்கிறது. எம்பிலிப்பிட்டிய சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டம். மேற்கே, பெந்தோட்டைப் பாலத்தின் வடகரையில் உள்ள அளுத்கம மேல் மாகாணம். தென்கரையில் பெந்தோட்டை காலி மாவட்டம்.

தொலைபேசிக் குறியீட்டை வைத்து மாவட்டத்தை ஊகிப்பது இங்கே பலிக்காது. காலிக்கு 091, மாத்தறைக்கு 041, அம்பாந்தோட்டைக்கு 047 என்பது பொதுவிதி. ஆனால் கதிர்காமத்துக்கும் எம்பிலிப்பிட்டியவுக்கும் 047தான். பெந்தோட்டைக்கோ களுத்துறையின் 034. தபால் குறியீடு காலி நகருக்கு 80000, மாத்தறைக்கு 81000, அம்பாந்தோட்டைக்கு 82000.

பொலிஸ் பிரிவுகளும் மாவட்ட எல்லையோடு பொருந்துவதில்லை. எல்பிட்டியவுக்குத் தனிப் பிரிவு, தங்காலைக்குத் தனிப் பிரிவு. உங்கள் வீடு எந்தப் பொலிஸ் நிலையத்துக்கு உரியது என்பதையும் கிராம சேவகரிடமே கேட்டுவிடலாம்.

ஏழாம் படி: வந்த முதல் மாதம்

முதல் வாரத்தில் கிராம சேவகரைப் பாருங்கள். அவர் கிழமை முழுவதும் கந்தோரில் இருக்கமாட்டார். களத்துக்கும் செயலகத்துக்கும் போவார். எந்த நாள் இருப்பார் என்று அயலில் கேட்டுவிட்டு, வாடகை ஒப்பந்தத்தின் பிரதி, அடையாள அட்டை, வேலைக் கடிதம் ஆகியவற்றோடு போங்கள். வதிவிடச் சான்றிதழ் வேண்டுமென்றால், முந்தைய ஊரின் கிராம சேவகரிடம் வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதை உறுதிப்படுத்தி வாங்கிவந்த கடிதம் இருந்தால் வேலை சுலபம். இதை ஊரை விட்டுப் புறப்படுமுன்பே வாங்குங்கள். வந்த பிறகு யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ ஒரு கடிதத்துக்காக ஓடுவது கொடுமை.

மின்கட்டணம் யாருக்குக் கட்டுகிறீர்கள் என்று பழைய பில்லைப் பாருங்கள். காலி மாவட்டத்துக் கரையோரத்தின் பல பகுதிகளுக்கு மின்சாரம் தருவது லெக்கோ என்ற கம்பனி. மற்ற இடங்களில் அப்படி இல்லை. மின்தடை என்றால் அழைக்க வேண்டிய எண்ணும் அதற்கேற்ப மாறும்.

கடவுச்சீட்டுக்குக் கொழும்பு போக வேண்டியதில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்தியக் கந்தோர் மாத்தறையில் இருக்கிறது. பெரிய நோய் என்றால் காலி கராப்பிட்டிய வைத்தியசாலை. மாகாணம் முழுவதிலிருந்தும் நோயாளரை அனுப்பும் இடம் அது. றுகுணுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் அங்கேதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் சிதறிக் கிடப்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்: பிரதான வளாகம் மாத்தறை வெல்லமடமவில், பொறியியல் காலி ஹப்புகலவில், விவசாயம் கம்புறுப்பிட்டிய மாப்பலானவில். “றுகுணுக்குத் தெரிவாகிவிட்டேன்” என்று மாத்தறையில் அறை எடுத்துவிட்டு, பிறகு காலியில் வகுப்பு என்று தெரிந்து தவிக்கிற பிள்ளைகள் உண்டு.

அவசரத்துக்கு: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அரசாங்கத் தகவல் நிலையம் 1919.

எட்டாம் படி: போய்வரும் வழி

தெற்கு அதிவேக வீதி 2011இல் காலி வரை திறந்தது, 2014இல் மாத்தறை கொடகம வரை வந்தது, 2020இல் அம்பாந்தோட்டை, மத்தல வரை நீண்டது. கொழும்புக்கு அருகே மாக்கும்புரவிலிருந்து புறப்படும் அதிவேக பஸ் காலிக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்துவிடும். மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் அந்த வீதியில் இடமில்லை. வெளியேறும் இடங்கள் கடற்கரை நகரங்களுக்குள் இல்லை, சில கிலோமீற்றர் உள்ளே இருக்கின்றன: காலிக்குப் பின்னதுவ, வெலிகமவுக்குக் கொக்மாதுவ, மாத்தறைக்குக் கொடகம. அங்கிருந்து நகரத்துக்கு இன்னொரு பஸ்ஸோ ஓட்டோவோ தேவைப்படலாம்.

பழைய கடலோர வீதியில் 2ஆம் இலக்க பஸ் கொழும்பு–மாத்தறை, 32ஆம் இலக்கம் கொழும்பு–கதிர்காமம். கடற்கரை ஊர் ஒவ்வொன்றிலும் நிற்கும். நேரம் எடுக்கும், மலிவு.

புகையிரதம் 1894இல் காலிக்கு வந்தது, அடுத்த வருடம் மாத்தறைக்கு. அதற்குப் பிறகு பெலியத்த வரை நீள 2019 ஆக வேண்டியிருந்தது. அம்பாந்தோட்டைக்கு இன்னும் புகையிரதம் இல்லை. முதல் முறை வருகிறவர்களுக்கு ஒன்று: காலி நிலையம் முட்டுச்சந்து போன்றது. வண்டி உள்ளே வந்த வழியாகவே பின்னோக்கிப் புறப்பட்டு மாத்தறைக்குத் திரும்பும். கொழும்புக்கே திரும்பிப் போகிறது என்று பதறி இறங்கிவிடாதீர்கள். கடலும் அதுவரை இருந்த பக்கத்தை விட்டு மறுபக்கத்துக்கு மாறிவிடும்.

ஹிக்கடுவவுக்கு அருகே பெரேலியவைத் தாண்டும்போது வண்டிக்குள் வயதானவர்கள் சிலர் பேச்சை நிறுத்துவதைக் கவனித்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை அந்த இடத்தில்தான் ஒரு முழுப் புகையிரதத்தைப் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முல்லைத்தீவையும் கல்முனையையும் அறிந்தவர்களுக்கு அந்த மௌனம் புரியும். கரையோர வீடு எடுக்கிறவர்கள் ஆழிப்பேரலை வெளியேறும் பாதைப் பலகை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.

கரையில் இல்லாதவர்களுக்கு வேறு கவனங்கள். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் கிங் கங்கையும் நில்வளாவும் பெருகி ஊர்களை மூடின. மே, ஜூன் மாதங்களில் அக்குரஸ்ஸப் பக்கத்துத் தாழ்நிலங்களில் நிலத்தளத்து வீடு எடுப்பதென்றால், சுவரில் பழைய வெள்ளக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். தெனியாய, நெலுவ மலைச்சரிவுகளில் மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும். அது பிரதேச செயலகப் பிரிவின் பெயரால்தான் அறிவிக்கப்படுகிறது. நான்காம் படியை ஏன் அவ்வளவு வற்புறுத்தினேன் என்பது இப்போது தெரியும். சூரியவெவ, லுணுகம்வெஹெர, வீரவில பக்கம் இருட்டிய பிறகு மோட்டார் சைக்கிளில் போவதைத் தவிருங்கள். யானை வீதிக்கு வரும்.

ஒன்பதாம் படி: தமிழ் எங்கே

மாகாணத்தில் 95 சதவீதமளவு மக்கள் சிங்களவர். தமிழ் கேட்கும் இடங்கள் தெரிந்திருந்தால் முதல் நாட்களின் தனிமை குறையும். காலிக் கோட்டைக்குள்ளும் வெலிகமவிலும் மாத்தறையிலும் முஸ்லிம் குடும்பங்கள் தமிழ் பேசுகின்றன. தெனியாயவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் மலையகத் தமிழர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அம்பாந்தோட்டையில் மலாய்க் குடும்பங்கள் பழைமையானவை. பிள்ளைகளைத் தமிழ்மொழிமூலம் படிக்கவைக்க விரும்புகிறவர்கள் வலயக் கல்விக் கந்தோரில் கேட்டால், அருகிலுள்ள முஸ்லிம் பாடசாலையையோ தோட்டப் பாடசாலையையோ சொல்வார்கள்.

அரச கந்தோரில் தமிழில் கடிதம் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. நடைமுறையில் பதில் வரத் தாமதமாகலாம், ஆனால் கேட்பதை விட்டுவிடாதீர்கள். கூடவே சிங்களமும் படியுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. தடுமாறிப் பேசும் நாலு சொல்லுக்கு இந்த ஊர்க்காரர் காட்டும் பொறுமை பெரிது.

தமிழ் இந்தக் கரைக்குப் புதிது என்று யாரும் எண்ண வேண்டாம். நாட்டின் தென்கோடி முனையான தெவிநுவரவில் ஒருகாலத்தில் தென்னாவர நாயனார் கோயில் இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டு என்று பொறித்துக் கொண்டுவந்த கல்வெட்டில் சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழிகள். அதன் தமிழ்ப் பகுதி அந்த நாயனாரைத்தான் போற்றுகிறது. 1911இல் காலியில் கிடைத்த அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. தெவிநுவரவுக்குப் போனால் வெளிச்சவீட்டடியில் நின்று தெற்கே பாருங்கள். அங்கிருந்து அப்பால் வெறும் கடல்தான்.

பத்தாம் படி: ஒரு சனிக்கிழமை முழு மாகாணத்தையும் கடந்து பாருங்கள்

எந்த வரைபடமும் இதற்கு ஈடாகாது. பெந்தோட்டையில் காலையிலேயே புகையிரதம் ஏறுங்கள். ஆற்றுப் பாலத்துக்குத் தெற்கே கால்வைத்ததும் நீங்கள் காலி மாவட்டத்தில் இருக்கிறீர்கள். காலியில் வண்டி திசை மாறும். மாத்தறையில் நில்வளாவைக் கடப்பீர்கள். பெலியத்தவில் தண்டவாளம் முடியும். அது அம்பாந்தோட்டை மாவட்டம். அங்கிருந்து பஸ்ஸில் தங்காலை, பிறகு 32ஆம் இலக்கத்தில் அம்பலாந்தோட்டை, அம்பாந்தோட்டை, திஸ்ஸ. ஒவ்வொரு ஊரிலும் கடைப்பலகையின் அடிவரியைப் படியுங்கள். முகவரியில் ஊர் இருக்கும். அதை வைத்து எந்தப் பிரதேச செயலகம் என்று நீங்களே சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். திஸ்ஸவில் இறங்கி, குளக்கட்டில் வெயில் சாயும்வரை இருந்து, எருமைத்தயிர்ச் சட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புங்கள். இறங்காமல் அதே பஸ்ஸில் தொடர்ந்தால் கதிர்காமம், அது ஊவா.